காவிரிப் படுகையில் கம்பி ஆண்டெனா: தாராசுரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

இடம்பெயர் கம்பி ஆண்டெனா என்பது, பையில் சுருட்டி எடுத்துச் சென்று, போன இடத்தில் மரத்திலோ மூங்கிலிலோ ஏற்றிக் கட்டி, வேலை முடிந்ததும் அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு திரும்பக்கூடிய ஆண்டெனா. செம்புக் கம்பி, அதை வானொலிப் பெட்டியுடன் இணைக்கும் கோஆக்ஸ் கேபிள், கம்பியைத் தாங்கும் கம்பம், இழுத்துக் கட்டும் கயிறு என அதன் உறுப்புகள் நான்கே. தேர்வெழுதி, அரசின் உரிமம் பெற்று, வணிக நோக்கம் இல்லாமல் வானலையில் பேசுகிறவர்கள் அமெச்சூர் வானொலியாளர்கள்; ஹாம்கள் என்பது அவர்களுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர். அவர்கள் கையாளும் ஆண்டெனாக்களில் மிக எளியதும் மிகப் பழையதும் இதுவே.

மலைநாட்டு ஹாம் சிகரத்தில் ஏறிக் கம்பியைக் கட்டுகிறார். கடற்கரை ஹாமுக்கு உப்புநீர் துணை நிற்கிறது. காவிரிப் படுகையில் மலை கிடையாது. கும்பகோணத்தை அடுத்து, அரசலாற்றுக்கு அருகே உள்ள தாராசுரத்தில் நின்று பார்த்தால் நாலாபுறமும் சமதரை வயலும், தென்னையும், மூங்கில் கொத்தும், ஐராவதேசுவரர் கோயில் விமானமும்தான் கண்ணில் படும். இந்த நிலத்துக்கு எந்த வடிவம் பொருந்தும், எந்த அலைவரிசை உதவும், எவ்வளவு உயரம் போதும், எதைக் கொண்டு தூக்கி நிறுத்துவது என்பவை இக்கட்டுரை ஆராயும் கேள்விகள்.

பின்னணி

1901 டிசம்பர் 12 அன்று, நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் குன்றில், அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து வந்த சைகையைக் கேட்டதாக மார்க்கோனி அறிவித்தார். அப்போது அவருடைய கருவியில் இணைந்திருந்தது காற்றாடி தூக்கிப் பிடித்த ஒரு கம்பி. அவர் பெருஞ்செலவில் கடலின் இரு கரையிலும் எழுப்பியிருந்த ஆண்டெனாக் கம்பங்களை அதற்கு முந்தைய சில மாதங்களில் புயல் சாய்த்துவிட்டது. கோபுரம் விழுந்த இடத்தில் கம்பி கைகொடுத்த முதல் நிகழ்வுகளில் ஒன்று அது.

தமிழகத்தில் வானொலி பிறந்ததும் ஆர்வலர்கள் கையில்தான். சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று 1924 மே மாதம் தொடங்கிய சென்னை மாகாண வானொலிக் கழகம் அதே ஆண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் அது நின்றபின் கருவிகள் சென்னை மாநகராட்சிக்குப் போயின. அரசு வானொலி வருமுன் சென்னையின் காற்றில் குரலை ஏற்றியவர்கள் இந்த ஆர்வலர்கள்.

இன்று இந்தியாவில் ஹாம் உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு வழங்குகிறது. 1978-இல் வகுத்த அமெச்சூர் சேவை விதிகள் இம்முறைக்கு அடித்தளம். 12 வயது நிரம்பியவர் தேர்வெழுதலாம். வி.யு.2, வி.யு.3 எனத் தொடங்கும் அழைப்புக்குறிகள் இந்திய நிலப்பகுதிக்கும், வி.யு.4 அந்தமான் நிக்கோபாருக்கும், வி.யு.7 இலட்சத்தீவுக்கும் உரியவை.

அமெச்சூர் வானொலியின் பயன் அண்மைக்கால இந்தியாவில் மிகத் தெளிவாகத் தெரிந்தது 2004 டிசம்பரில். ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் தலைமையில் ஒரு குழு, உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தது. டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தீவுகளின் தொடர்பைத் துண்டித்தபோது அந்த நிலையமே அவசரச் செய்திகளைச் சுமந்தது. அதே நாளில் தமிழகத்தில் மிகப் பெரிய உயிரிழப்பைச் சந்தித்தது படுகையின் கடைமடையான நாகப்பட்டினம்.

படுகைக்குப் புயல் புதிதன்று. 1977 நவம்பரில் நாகை அருகே கரையேறிய புயலையும், 2008-இன் நிஷா கொண்டுவந்த வெள்ளத்தையும் முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தது. மின்சாரம் போனதும் கைபேசிக் கோபுரங்களும் ஊமையாயின. அப்படிப்பட்ட காலையில், ஒரு 12 வோல்ட் மின்கலமும் 20 மீட்டர் கம்பியும் ஓர் ஊரின் குரலை வெளியே கொண்டுசெல்லப் போதுமானவை. கம்பி ஆண்டெனாவைப் பொழுதுபோக்கு என்று மட்டும் படுகை மக்கள் எண்ண முடியாததற்கு இதுவே காரணம்.

கம்பியின் நீளம்

ஆண்டெனாவின் நீளத்தை அலைவரிசை தீர்மானிக்கிறது. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் கணக்கிலான அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். அரை அலைநீளக் கம்பி நடைமுறையில் இதன் சரிபாதியைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால்தான் ஒத்ததிர்வுக்கு வரும். ஆகவே ஹாம்கள் 143-ஐ அதிர்வெண்ணால் வகுக்கிறார்கள். 40 மீட்டர் அலைவரிசையில் 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு இது 20.14 மீட்டர். நடுவில் வெட்டினால் கைக்கு 10.07 மீட்டர். 20 மீட்டர் அலைவரிசையில் 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்தம் 10.07 மீட்டர், கைக்கு 5 மீட்டருக்குச் சற்று மேல். 80 மீட்டர் அலைவரிசையில் 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 39.7 மீட்டர் வேண்டும். இதற்கு வீட்டுக் கொல்லை போதாது. களத்துமேடோ திடலோ தேவைப்படும்.

வீட்டு ஒயரிங்குக்குப் பயன்படும் ஒரு சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே இதற்குப் போதும். கடையில் 90 மீட்டர் சுருளாக விற்கும் அந்தக் கம்பியில் 40 மீட்டர் அலைவரிசைக்கான ஆண்டெனா நான்கு செய்யலாம். ஓர் ஆண்டெனாவில் உள்ள செம்பின் எடை ஏறத்தாழ 180 கிராம். கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை அலையைச் சற்று மந்தப்படுத்துவதால், உறையிட்ட கம்பி வாய்பாடு சொல்வதைவிடச் சில விழுக்காடு குட்டையாக இருக்க வேண்டிவரும். முதலில் வாய்பாட்டு நீளத்துக்கே வெட்டி, ஏற்றிப் பார்த்து, அளந்து குறைப்பதுதான் முறை. குறைப்பது எளிது, வெட்டிய கம்பியை நீட்டுவது கடினம்.

நிலமும் வானும்

சிற்றலைகள் வானில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புகின்றன. எவ்வளவு தொலைவில் உள்ளவரோடு பேச வேண்டுமோ, அதற்கேற்ற கோணத்தில் அலை கிளம்ப வேண்டும். தாராசுரத்திலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர், யாழ்ப்பாணம் 160, மதுரை 180. 250 கிலோமீட்டர் தொலைவுக்குப் போகும் அலை தரையிலிருந்து 65 பாகைக்கு மேல் நிமிர்ந்து, ஏறக்குறைய தலைக்கு நேரே கிளம்ப வேண்டும். 1,450 கிலோமீட்டரில் உள்ள போர்ட் பிளேருக்கோ 20 பாகைக்கும் குறைவாகப் படிந்து போக வேண்டும்.

கிடைமட்டக் கம்பி தரையிலிருந்து அரை அலைநீள உயரத்தில் இருந்தால் அதன் முதன்மைக் கதிர் 30 பாகையில் போகும். கால் அலைநீளமோ அதற்குத் தாழ்வாகவோ இருந்தால் பெரும்பகுதி மேல்நோக்கிப் போகும். 40 மீட்டர் அலைவரிசையில் கால் அலைநீளம் 10 மீட்டர். அதாவது, 8 மீட்டர் மூங்கிலில் தாழக் கட்டிய கம்பி, மாநிலத்துக்குள் பேசுவதற்குக் குறையுள்ள ஏற்பாடு ஆகாது. அதுவே சரியான ஏற்பாடு. மலையைத் தாண்டி அடுத்த பள்ளத்தாக்கில் உள்ள படைப்பிரிவோடு பேச இராணுவங்கள் கண்டறிந்து கையாண்ட முறையும் இதுதான். நீரூற்றுப்போல் அலை மேலே எழும்பிச் சுற்றுவட்டாரம் முழுவதும் விழுவதால் இடையில் நிழற்பகுதி இருக்காது.

படுகையின் வானமும் இதற்குத் துணை நிற்கிறது. பூமியின் காந்த நடுக்கோடு தமிழகத்தின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. கேரளத்துத் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்ததற்கும் அதுவே காரணம். இந்த அட்சரேகையில் பகலில் அயனி மண்டலம் அடர்த்தியாக இருப்பதால், நேர்மேலே போகும் 7 மெகாஹெர்ட்ஸ் அலை பெரும்பாலான பகல்களில் திரும்பி வருகிறது. விடியலுக்கு முன் அடர்த்தி மிகக் குறையும்; அப்போது 40 மீட்டரில் சென்னை மறைந்து தொலைநாடுகள் மட்டும் கேட்கலாம். அந்த நேரத்துக்கு 80 மீட்டர் உதவும். நண்பகலில் 80 மீட்டர் அலையை அயனி மண்டலத்தின் அடியடுக்கு உறிஞ்சிவிடும் என்பதால் பகலுக்கு 40, பின்னிரவுக்கு 80 என்பது எளிய விதி. சூரியன் மறைந்தபின் காந்த நடுக்கோட்டுப் பகுதிக்கே உரிய கலக்கம் அயனி மண்டலத்தில் எழுவதுண்டு. குரல் படபடத்துக் கேட்டால் குறை ஆண்டெனாவில் இருப்பதாக எண்ண வேண்டியதில்லை.

நிலத்தைப் பொறுத்தவரை, ஈரமான வண்டல் மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தாழ்வாகக் கட்டிய கம்பிக்கு அடியில் நீர் நிற்கும் வயல் இருந்தால், தரையில் வீணாகும் ஆற்றல் குறைந்து, மேல்நோக்கிப் போகும் பங்கு கூடும். வறண்ட பாறை நிலத்தில் கிடைக்காத வசதி இது. கோடியக்கரை, வேதாரண்யம் பக்கம் போனால் உப்பளமும் கடலும் இதைவிட நல்ல கடத்திகள். அங்கே செங்குத்துக் கம்பி தாழ்ந்த கோணத்தில் வெகுதொலைவு எட்டும்.

வடிவங்கள்

கம்பி ஆண்டெனாவில் நான்கு வடிவங்கள் பெருவழக்கு.

முதலாவது, இரு முனைகளிலும் தாங்கல் கொடுத்துக் கிடையாகக் கட்டும் டைபோல். நடுவில் கோஆக்ஸ் இணையும். தனித்த நிலையில் அதன் மின்தடுப்பு 73 ஓம். தரைக்கு அருகே இது குறையும். உயரமான இரு தென்னை 25 மீட்டர் இடைவெளியில் நிற்கும் தோப்பில் இது பொருந்தும். நடுவில் தொங்கும் கேபிளின் எடையால் கம்பி தொய்வது இதன் குறை.

இரண்டாவது, நடுவை மட்டும் கம்பத்தில் தூக்கி, இரு கைகளையும் கூரைபோலச் சரித்துக் கட்டும் தலைகீழ் வி. ஹாம்கள் இதை இன்வெர்ட்டட் வி என்பார்கள். ஒரே கம்பம் போதும். கேபிளின் எடையைக் கம்பமே தாங்கும். மின்தடுப்பும் கோஆக்ஸ் கேபிளுக்குப் பொருந்தும் 50 ஓமுக்கு அருகே வந்துவிடும். கைகளுக்கு இடையிலான கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் இழப்பு சிறிதுதான்.

மூன்றாவது, ஒரு முனையில் ஊட்டும் அரை அலைநீளக் கம்பி. ஆஸ்திரியாவின் யோசப் ஃபுக்ஸ் 1920-களில் வகுத்த ஆண்டெனாவின் வழிவந்தது. முனையில் மின்தடுப்பு 2,500 ஓமுக்கு மேல் இருப்பதால் 49-க்கு 1 என மாற்றும் சிறிய மின்மாற்றி தேவை. ஃபெரைட் வளையத்தில் ஒரு பக்கம் 2 சுற்று, மறுபக்கம் 14 சுற்று சுற்றினால் அது தயார். 20 மீட்டர் நீளக் கம்பி 40 மீட்டர் அலைவரிசையோடு 20, 15, 10 மீட்டர் அலைவரிசைகளிலும் வேலை செய்யும். ஒரு மரம் மட்டுமே கிடைக்கும் ஆற்றங்கரையில் இதைவிட விரைவாக எழும்பும் ஆண்டெனா வேறில்லை.

நான்காவது, கால் அலைநீளச் செங்குத்துக் கம்பி. 20 மீட்டர் அலைவரிசைக்கு 5 மீட்டர் மூங்கிலோடு ஒரு கம்பியை நிமிர்த்திக் கட்டி, அடியில் நான்கைந்து கம்பிகளைத் தரையில் விரித்தால் ஆயிற்று. தொலைநாட்டுக்கு நல்லது, அண்டை மாவட்டத்துக்கு ஏற்றதன்று.

படுகையின் முதன்மைத் தேவை 300 கிலோமீட்டருக்குள் உறுதியாகப் பேசுவது. அந்த நோக்கத்துக்கு 40 மீட்டர் தலைகீழ் வி முதலிடம் பெறும். இடமும் நேரமும் குறைவானால் முனையூட்டு ஆண்டெனா அடுத்தது.

கம்பமும் கயிறும்

வெளிநாட்டு ஹாம்கள் கண்ணாடியிழைக் கம்பங்களை வாங்குகிறார்கள். படுகையில் மூங்கில் அந்த இடத்தை முழுமையாக நிரப்புகிறது. எடை குறைவு, வளையும், எளிதில் ஒடியாது, எந்த ஊரிலும் கிடைக்கும். கடை மூங்கில் பெரும்பாலும் 20 முதல் 25 அடி வரை இருக்கும். 26 அடி, அதாவது 8 மீட்டர் வேண்டுமென்றால் அடி பெருத்த ஒன்றோடு மெல்லிய ஒன்றை நான்கடி ஒட்டவைத்து மூன்று இடங்களில் வரிந்து கட்ட வேண்டும். காய்ந்த மூங்கில் மின்கடத்தாது என்பதால் கம்பி அதை ஒட்டிப் போனாலும் கேடில்லை. நனைந்த மூங்கிலை அப்படி நம்பக்கூடாது.

தென்னை உயரம் தரும், ஆனால் இரண்டு தொல்லைகளும் தரும். கீற்றுகளுக்கிடையே எறிந்த கயிறு பெரும்பாலும் சிக்கிக்கொள்ளும். காற்றில் மரம் ஆடும்போது கம்பி அறுந்துபோகும். மரமேறும் தொழிலாளியைக் கொண்டு மரத்தின் கழுத்துக்குக் கீழே ஒரு சிறிய கப்பியைக் கட்டி வைத்தால் முதல் தொல்லை தீரும். கப்பி வழியே வரும் கயிற்றின் அடிமுனையை மரத்தில் கட்டாமல், இரண்டு லிட்டர் நீர் நிரப்பிய கேனைத் தொங்கவிட்டால் இரண்டாவதும் தீரும். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும். கம்பியின் இழுவிசை மாறாது. மா, புளி, பூவரசு போன்ற கிளைமரங்களில் தூண்டில் நரம்பில் ஈயக்குண்டு கட்டிக் கவணால் எய்து, அந்த நரம்பைப் பிடித்துக் கயிற்றை இழுத்துவிடலாம். மரத்தில் ஆணி அடிக்கத் தேவையில்லை, அடிக்கவும் கூடாது.

கயிற்றுக்குத் தேங்காய் நார் மலிவு; ஆனால் நனைந்தால் கனக்கும், நீளமும் மாறும். மீனவர்கள் பயன்படுத்தும் மெல்லிய நைலான் கயிறு மழைக்கு அதைவிட ஏற்றது. கம்பிக்கும் கயிற்றுக்கும் இடையே விரல்நீளப் பி.வி.சி. குழாய்த் துண்டில் இரு துளையிட்டுக் கோத்தால் அதுவே காப்பான். கேபிள் இணையும் நடுப்பகுதியைப் பழைய சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காது.

ஏற்றும் முறை

40 மீட்டர் தலைகீழ் வி ஒன்றைத் தாராசுரத்தின் புறத்தே ஒரு களத்துமேட்டில் எழுப்புவதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதலில் அளவு. தாராசுரத்தின் நெசவாளர் தெருக்களில் பட்டுப் பாவைத் தெருநீளத்துக்கு நீட்டி, தொய்வில்லாமல் இழுத்து, இழை இழையாகச் சரிபார்க்கிற வேலையைக் காணலாம். கம்பியையும் அப்படித்தான் தரையில் நீட்ட வேண்டும். சுருள் விழுந்த கம்பியை அளந்தால் நாடா சொல்வது பொய்யாகும். கைக்கு 10.07 மீட்டரும், காப்பானில் மடித்துக் கட்ட ஒரு சாண் கூடுதலும் விட்டு வெட்ட வேண்டும்.

அடுத்து இடம். கம்பத்தின் உச்சி 8 மீட்டரிலும் கம்பியின் முனைகள் 3 மீட்டர் உயரத்திலும் இருந்தால், கைகளுக்கு இடையே 120 பாகைக் கோணம் அமையும். முனையிலிருந்து கயிறு அதே சரிவில் இன்னும் 6 மீட்டர் இறங்கி முளையில் சேரும். கம்ப அடியிலிருந்து முளைவரை ஏறத்தாழ 14 மீட்டர். ஆக, இரு பக்கமும் சேர்த்து 28 மீட்டர் நீளத் திறந்த இடம் தேவை. எட்டி நடந்து அளந்தே இதை முடிவு செய்துவிடலாம்.

மூன்றாவது, இழுகயிறு. ஆண்டெனாவின் இரு கைகளும் ஒரே கோட்டில் இழுப்பதால் கம்பம் குறுக்கே சாயும். ஆகையால் கம்பத்தின் மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், 120 பாகை இடைவெளியில் மூன்று தனிக் கயிறுகள் கட்டுவது நல்லது. அப்போது நீளத்தைச் சரிசெய்யக் கைகளை அவிழ்த்தாலும் கம்பம் நிற்கும். மழைக்காலக் களிமண்ணில் குட்டை முளை பிடிக்காது. இரண்டடி முளையைக் கயிறு இழுக்கும் திசைக்கு எதிராகச் சாய்த்து அடிக்க வேண்டும். அதுவும் பிடிக்காத சேற்றில் மணல் மூட்டை கைகொடுக்கும்.

நான்காவது, நிறுத்துதல். மூவர் வேண்டும். கம்பம் படுத்திருக்கும்போதே ஆண்டெனா, கேபிள், இழுகயிறு எல்லாவற்றையும் கட்டிவிட வேண்டும். ஒருவர் அடியைக் குழியில் மிதித்துக்கொள்ள, இன்னொருவர் உச்சியிலிருந்து அடிநோக்கி நடந்தபடியே தூக்க, மூன்றாமவர் எதிர்ப்பக்கக் கயிற்றைப் பிடித்து இழுக்கக் கம்பம் நிமிரும். பழகிய மூவர் அரைமணியில் முடிக்கக்கூடிய வேலை இது.

அளந்து சரிசெய்தல்

ஆண்டெனா எழுந்தபின் அது எந்த அதிர்வெண்ணில் ஒத்ததிர்கிறது என்று பார்க்க வேண்டும். திரும்பிவரும் ஆற்றலின் அளவைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டரோ, இப்போது மலிவாகக் கிடைக்கும் நானோ வி.என்.ஏ. கருவியோ போதும். எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 என்றால் ஆண்டெனாவை எட்டும் ஆற்றலில் 4 விழுக்காடு திரும்புகிறது. 2 என்றால் 11. 3 என்றால் 25. 2-க்குக் கீழே வந்தால் கவலையில்லை. 1.1-ஐ எட்டப் பாடுபட்டுப் பகலை வீணாக்குவதில் பயனில்லை.

ஒத்ததிர்வு 6.90 மெகாஹெர்ட்ஸில் இருக்கிறது, 7.10 வேண்டும் என்று கொள்ளலாம். 20.14-ஐ 6.90-ஆல் பெருக்கி 7.10-ஆல் வகுத்தால் 19.57. மொத்தம் 57 சென்டிமீட்டர், கைக்கு 28 சென்டிமீட்டர் குறைய வேண்டும். உடனே வெட்டாமல், முதலில் அந்த நீளத்தை மடித்துக் கம்பியின்மேலேயே முறுக்கிப் பார்ப்பது பாதுகாப்பு. இரு கையிலும் சமமாகக் குறைக்க வேண்டும். ஈரத் தரையிலும் காய்ந்த தரையிலும் அளவு சற்று மாறும் என்பதால், வயலில் நீர் நிற்கும்போதும் அறுவடைக்குப் பின்னும் தனித்தனியே அளந்து, கம்பியில் வண்ண நாடா ஒட்டிக் குறித்துவைப்பது படுகைக்குத் தேவையான பழக்கம்.

கேபிளும் ஆற்றலைத் தின்னும். ஆர்.ஜி. 58 வகை கேபிள் 15 மீட்டர் நீளத்தில், 7 மெகாஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலே இழக்கும். அதையே 30 மீட்டர் இழுத்து 14 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். தேவையான நீளத்துக்கு மேல் கேபிள் இழுக்காமலிருப்பதே இதற்கு மருந்து. கம்பத்தின் உச்சியில் கேபிளை ஒரு பாலன் வழியே இணைத்தாலோ, ஆண்டெனாவுக்கு அருகே ஃபெரைட் வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினாலோ, கேபிளின் வெளியுறையில் அலை ஓடுவது அடங்கும்.

சிறிய ஆற்றலே வயலுக்குப் போதும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் கேட்பவரின் பெட்டியில் சைகையின் வலிமையைக் காட்டும் முள் இரண்டு எஸ் அலகுதான் குறையும். 100 வாட் பெட்டி ஏறத்தாழ 20 ஆம்பியர் கேட்கும். 5 வாட் பெட்டியைச் சிறு மின்கலம் ஒரு பகல் முழுவதும் ஓட்டும். ஹைதராபாத்தின் அஷர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் பெட்டி, குறைந்த செலவில் கையால் செய்துகொள்ளக்கூடிய சிற்றாற்றல் கருவியாக உலகெங்கும் பரவியது. ஊருக்குள் எல்.இ.டி. விளக்கும் சார்ஜரும் எழுப்பும் இரைச்சலில் அமிழும் மெல்லிய குரல், வயல் நடுவே தெளிவாகக் கேட்கும் என்பதும் சிற்றாற்றலுக்குத் துணை.

விலக்க வேண்டியவை

இந்த வேலையில் உயிரைப் பறிக்கக்கூடியது மின்கம்பி. படுகை வயல்களின் குறுக்கே மோட்டார் கொட்டகைகளுக்குப் போகும் மின்கம்பிகள் பல இடங்களில் தாழத் தொங்குகின்றன. கம்பம் விழுந்தாலும், கம்பி அறுந்து பறந்தாலும் மின்கம்பியைத் தொட முடியாத தொலைவில்தான் நிறுத்த வேண்டும். 8 மீட்டர் கம்பத்துக்கு 20 மீட்டராவது விலகி நிற்பது நல்ல கணக்கு. மின்கம்பி இருக்கும் திசையில் கவண் எய்யக்கூடாது. மின்கம்பத்தைத் தாங்கலாகக் கொள்வது எண்ணத்திலும் வரக்கூடாது. ஈரக் கயிறும் ஈர மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும் என்பதை மழைநாளில் மறக்கலாகாது.

இரண்டாவது இடி. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையோடும், சித்திரை, வைகாசியில் மாலை வேளையிலும் இடி வரும். முதல் முழக்கம் கேட்குமுன்பே, வானொலியில் சடசடப்பு ஏறும்போதே கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றிவிட்டு விலகிவிட வேண்டும்.

மூன்றாவது, கம்பியின் முனை. 100 வாட் ஒலிபரப்பில் அங்கே 500 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். தொட்டால் தோல் சுடும். ஆடுமாடும் சிறுவர்களும் நடமாடும் களத்தில் முனைகள் ஆள் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். இழுகயிறுகளில் வெள்ளைத்துணி கட்டிவிட்டால் யாரும் தடுக்கி விழமாட்டார்கள்.

நான்காவது, பிறர் உரிமை. ஐராவதேசுவரர் கோயில் 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் கட்டியது. 2004 முதல் உலக மரபுச் சின்னம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. அதன் சுவரிலோ மதிலிலோ சுற்றுப்புல்வெளியிலோ கயிறு கட்ட இடமில்லை. வயலுக்குள் இறங்குமுன் உரியவரிடம் சொல்ல வேண்டும். தை, மாசியில் அறுவடை முடிந்து வெறுமையாகத் தெரியும் வயலிலும், அறுப்புக்குச் சில நாள் முன்பே தெளித்த உளுந்தும் பயறும் முளைத்திருக்கும். வரப்போடும் களத்தோடும் நின்றுகொள்வது முறை. உரிமத்தில் குறித்த இடத்தை விட்டு வேறிடத்தில் இயக்குமுன் உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துக்கொள்வதும் கடமை.

மதிப்பீடு

இதுவரை பார்த்தவற்றைத் தொகுத்தால், காவிரிப் படுகைக்கு உகந்த இடம்பெயர் ஆண்டெனா எது என்பதில் ஐயமில்லை. எட்டு மீட்டர் மூங்கிலில் நிற்கும் 40 மீட்டர் தலைகீழ் வி, பகல் வேளையில் மாநிலத்தின் பெரும்பகுதியை எட்டும். இரவுக்கு 80 மீட்டர் அலைவரிசைக்கான இன்னொரு சுருள் இருந்தால் நாள் முழுவதும் தொடர்பு நிற்கும். உயரம் இல்லாதது இங்கே குறையாகாது. சமதரையும், ஈர மண்ணும், காந்த நடுக்கோட்டை அடுத்த வானமும் தாழக் கட்டிய கம்பிக்கே துணை செய்கின்றன.

கம்பியும் மூங்கிலும் எங்கும் கிடைக்கும். கடையில் வாங்க முடியாதது பழக்கம் மட்டுமே. புயல் சின்னம் உருவான செய்தி வந்தபின் அளந்து வெட்டி, முடிச்சுப் போடக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. படுகையில் உள்ள ஒவ்வொரு பொறியியல் கல்லூரியும், உரிமம் பெற்ற ஒவ்வொரு ஹாமும், ஆடி ஆவணிக்குள் ஒரு நாள் களத்துமேட்டில் கம்பியை ஏற்றி, அளந்து, குறித்து, சுருட்டி, பெயர் எழுதிய பையில் வைத்துவிட வேண்டும். ஐப்பசி பிறக்கும்போது அந்தப் பை கையெட்டும் இடத்தில் இருக்கட்டும்.